காவியும் சுண்ணாம்பும்: கொங்கு நாட்டில் வீட்டுப் பொருள்களுக்கு வண்ணமிட்ட வரலாறு

பானை, சட்டி, கூடை, முறம், சீப்பு, சுவர், திண்ணை என்று வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்களில் கோடும் புள்ளியும் இட்டு அழகுபடுத்தும் வழக்கம் கொங்கு நாட்டில் மிகப் பழமையானது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வண்ணப் பானைகள் நொய்யல், அமராவதி, காவிரிக் கரைகளில் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. இன்றும் தை மாதத்தில் பொங்கல் பானைக்குச் சுண்ணாம்புக் கோடும் காவிப் பட்டையும் இடுகிறார்கள். இவ்விரண்டு காலத்திலும் அடிப்படைப் பொருள்கள் சிவப்பு மண்ணும் வெள்ளைச் சாந்துமே.

கோயில் ஓவியங்களுக்கும் அரண்மனை ஓவியங்களுக்கும் தமிழில் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுப் பொருள்களில் இடப்பட்ட வண்ணத்துக்கு அப்படித் தொடர்ச்சியான வரலாறு எழுதப்படவில்லை. அது தொல்லியல் நூல்களில் ஓட்டுச் சில்லுகளின் பட்டியலாகவும், பண்டிகைக் குறிப்புகளில் ஓரிரு வரிகளாகவும் சிதறிக் கிடக்கிறது. ஆனைமலைச் சாரலையும் அதைச் சூழ்ந்த பொள்ளாச்சி, உடுமலை, நொய்யல் பகுதிகளையும் முன்வைத்து அந்தச் செய்திகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

இடமும் வழியும்

ஆனைமலை கோயம்புத்தூர் மாவட்டத்தில், பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே, ஆழியாற்றின் கரையில் உள்ள ஊர். ஊருக்குத் தெற்கே ஆனைமலைத் தொடர் எழுகிறது. வடமேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இந்தப் பெரிய இடைவெளி, சேர நாட்டுக் கடற்கரையையும் கொங்குச் சமவெளியையும் இணைக்கும் பெருவழியாகப் பண்டைக் காலம் முதல் இருந்துவந்தது. மிளகும் மணிகளும் இரும்பும் காசும் இந்த வழியாகச் சென்றன.

ஊரில் உள்ள மாசாணியம்மன் கோயிலில் அம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். அக்கோயிலின் தலக்கதை இவ்வூரைச் சங்க காலத்து நன்னனோடு இணைக்கிறது. கதையின் வரலாற்றுத் தன்மை தனியே ஆராயத்தக்கது. ஆனால் இப்பகுதியில் பழங்கால மக்கள் செறிந்து வாழ்ந்ததற்கும் வணிகம் நடந்ததற்கும் வேறு சான்றுகள் உள்ளன.

கணவாயின் வாயிலில், கோயம்புத்தூருக்குத் தெற்கே உள்ள குமிட்டிபதியின் பதிமலைக் குகையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் யானை உருவம் குறிப்பிடத்தக்கது. நீலகிரியின் வெள்ளரிக்கொம்பையிலும் பாறை ஓவியங்கள் உண்டு. கொங்கு வட்டாரத்து மக்கள் மண்ணையும் சாந்தையும் வண்ணமாகக் கையாளத் தெரிந்தவர்களாக நெடுங்காலம் இருந்ததை இவை காட்டுகின்றன.

பொள்ளாச்சிக் காசுப் பானை

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், கிழக்கிந்தியக் கம்பெனி அவருடைய ஆட்சிப் பகுதிகளின் வேளாண்மையையும் தொழில்களையும் அறிய பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை அனுப்பியது. அவர் 1800இல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பயணம் செய்தார். அவருடைய பயண நூல் 1807இல் இலண்டனில் வெளிவந்தது. பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய உரோமானிய வெள்ளிக் காசுகள் அண்மையில் தோண்டி எடுக்கப்பட்டதை அந்நூலில் குறித்துள்ளார். அவற்றில் சிலவற்றை ஹர்டிஸ் என்ற அதிகாரி அவருக்கு அளித்தார். அவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் உரோமப் பேரரசர்களின் காசுகள்.

இந்தக் காசுகளைப் பற்றி அதன்பின் எத்தனையோ அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். இந்திய-உரோம வணிகத்தைப் பேசும் நூல்களில் பொள்ளாச்சியின் பெயர் வெள்ளலூர், கரூர் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. காசுகளைக் காத்து வைத்த பானையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இதுவே நிலை: பானை உடைபடும், காசு அருங்காட்சியகத்துக்குப் போகும். மண்கலத்தையே காலம் காட்டும் சான்றாகக் கொள்ளும் முறை தமிழகத்தில் வலுப்பெற 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செங்காவி வண்ணக் கலம்

கொங்கு நாட்டுத் தொல்லியல் இடங்களில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளோடு இன்னொரு வகை ஓடும் கிடைக்கிறது. செம்பழுப்பு நிறமான மேற்பூச்சும், அதனூடே மங்கலான வெளிர்மஞ்சள் கோடுகளும் கொண்டது அது. தமிழில் இதைச் செங்காவி வண்ணக் கலம் என்று சொல்லலாம்.

இதன் செய்முறையில் ஒரு நுட்பம் உண்டு. நாம் இன்று பானைக்கு வண்ணமிடும்போது முதலில் அடிப்பூச்சு பூசி, காய்ந்த பின் அதன்மேல் கோலம் வரைகிறோம். செங்காவிக் கலத்தில் வரிசை தலைகீழ். குயவர் வனைந்து உலர்த்திய பச்சைப் பானையின் மேல் முதலில் வெள்ளைச் சாந்தால் கோடுகள் வரையப்பட்டன. இந்த வெள்ளை, வெண்களிமண்ணாகவோ சுண்ணாம்பாகவோ இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கோடுகள் உலர்ந்த பின் அவற்றின் மேலேயே நீர்த்த காவிக் குழம்பு பூசப்பட்டது. அதன் பின்னரே பானை சூளைக்குச் சென்றது.

இதனால் இரண்டு பயன்கள் விளைந்தன. வெள்ளைக் கோடு காவிப் படலத்துக்குக் கீழே இருந்ததால் வெளிர்மஞ்சளாகத் தெரிந்தது. ஒரே காவியைக் கொண்டு இரண்டு நிறங்கள் கிடைத்தன. கோடு மேற்பூச்சின் அடியில் பாதுகாப்பாக இருந்து சூளையில் வெந்ததால், கழுவிப் புழங்கினாலும் எளிதில் அழியவில்லை. சோறும் கூழும் பரிமாறும் கலத்துக்கு இது தேவையான தன்மை. 2000 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஓட்டில் இன்றும் கோடு தெரிவதற்கு இந்த வரிசை முறையும் ஒரு காரணம்.

இக்கலங்களில் பல கருப்பு-சிவப்பு வகையைச் சேர்ந்தவை. சூளையில் பானையைக் கவிழ்த்து அடுக்கும்போது உட்புறத்துக்கும் வாய்விளிம்புக்கும் காற்று போதிய அளவு செல்வதில்லை. அங்கே கரி படிந்து கருப்பாகிறது. வெளிப்புறம் காற்றுப் பட்டு மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவப்பாகிறது. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, அதன்மேல் மஞ்சள் கோடு என்று ஒரு சாதாரணக் கிண்ணம் மூன்று நிறம் பெற்றது.

வரையப்பட்டவை எளிய வடிவங்களே. இணைகோடுகள், சாய்கோட்டு வரிசைகள், அலைக்கோடுகள், குறுக்கு நெடுக்காகப் பின்னிய வலை, புள்ளிகள், வளைவுகள் ஆகியவை மிகுதி. கிண்ணம், தட்டு, சிறு பானை ஆகியவற்றில் இவை காணப்படுகின்றன. உண்ணவும் பருகவும் பயன்பட்ட சிறு கலங்கள் என்பதால், வண்ணம் ஈமச் சடங்குக்காக மட்டும் இடப்பட்டதன்று என்பது தெளிவாகிறது. வாழ்விடப் பகுதிகளிலும் இவ்வோடுகள் கிடைப்பது இதை உறுதிசெய்கிறது.

பெயர் மாறிய கதை

இந்தப் பானை வகையைத் தெளிவாக அடையாளம் கண்டவர்களுள் முதன்மையானவர் மார்டிமர் வீலர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த அவர் 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தார். இத்தாலிய மண்கலங்கள் அங்கே கிடைத்ததால், அவற்றோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அடுத்து 1947இல் கன்னடப் பகுதியில் பிரம்மகிரி, சந்திரவள்ளி ஆகிய இடங்களில் அகழ்ந்தபோது செங்காவிக் கலங்கள் மிகுதியாகக் கிடைத்தன. சாதவாகனர் காலத்து அடுக்கில் அவை இருந்ததால், அப்பண்பாட்டுக்கு 'ஆந்திர' என்ற அடைமொழியை வீலர் தந்தார். சாதவாகனருக்கு ஆந்திரர் என்ற பெயரும் வழங்கியதே காரணம். அதனால் இப்பானை வகையும் 'ஆந்திரக் கலம்' என்று நூல்களில் வழங்கலாயிற்று.

பின்னர் நடந்த அகழாய்வுகள் இப்பெயரை ஐயத்துக்கு உள்ளாக்கின. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் காவிரிக் கரையில் திருக்காம்புலியூரிலும் அழகரையிலும் அகழ்ந்தபோது செங்காவிக் கலங்கள் கிடைத்தன. கோயம்புத்தூரை அடுத்த பேரூரிலும், நொய்யல் கரைக் கொடுமணலிலும் கிடைத்தன. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரை ஊர்களைவிட மேற்கே கொங்குப் பகுதியில்தான் இவை செறிந்துள்ளன என்பது ஆய்வுகளால் புலப்பட்டது. சாதவாகனர் நேரடியாக ஆண்ட நிலமன்று இது. எனவே பல ஆய்வாளர்கள் அரச மரபின் பெயரைக் கைவிட்டு, செய்முறையைச் சுட்டும் பெயரால் இதை அழைக்கத் தொடங்கினர்.

பெயர் மாற்றம் சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குயவர் வனைந்து, ஒரு குடும்பம் உண்ட கிண்ணத்துக்கு அதைக் கண்டறியாத அரசர்களின் பெயர் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுப் பொருளின் வரலாறு எழுதப்படும்போது இப்படி நேர்வது எளிது. பொருளை உருவாக்கியவரின் பெயர் கிடைப்பதில்லை. அருகில் கிடைத்த காசில் உள்ள பெயர் பொருளுக்கும் சூட்டப்படுகிறது.

கொடுமணல்: பானையில் பெயர்

கொடுமணல், ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் நொய்யலின் வடகரையில் உள்ளது. பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குப் பெயர்பெற்ற ஊராகக் குறிக்கப்படும் கொடுமணம் இதுவே என்பர். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கே அகழாய்வு நடத்தியது. பின்னர் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 2012இல் புதுவைப் பல்கலைக்கழகமும் பணியைத் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளின் எச்சங்களும் கிடைத்தன.

இவற்றைவிட வியப்பளிப்பவை எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். தமிழி எழுத்துகளில் பெயர் கீறிய ஓடுகள் இங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. 'கண்ணன் ஆதன்' போன்ற ஆட்பெயர்கள் அவற்றில் உள்ளன. பெரும்பாலானவை பானை வெந்த பின் கூரிய கருவியால் கீறப்பட்டவை. பானையை வனைந்த குயவர் எழுதியவை அல்ல. வாங்கியவரோ அவருக்காக மற்றொருவரோ எழுதியவை.

ஆக ஒரே ஊரில் இரண்டு செயல்கள் நடந்தன. குயவர் சூளைக்கு முன் கோடு வரைந்தார். உரியவர் சூளைக்குப் பின் பெயர் கீறினார். சந்தையில் வாங்கிய ஒரு பொதுப் பொருளைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளும் விருப்பம் இரண்டாவது செயலில் இருக்கிறது. தமிழ் வீடுகளில் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயரும் நாளும் வெட்டி வைக்கும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த விருப்பம் புதிதன்று. திருமணத்துக்கோ சீருக்கோ வந்த குடத்தின் கழுத்தில் பெயரைக் காணாத வீடு குறைவு.

ஆனைமலைக் காடர்களின் சீப்பு

சமவெளியில் பானை என்றால், ஆனைமலையின் உள்ளே மூங்கில். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் ஆகிய பழங்குடியினர் இம்மலைத் தொடரில் வாழ்கின்றனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் காடர்களின் மூங்கில் சீப்பை விரிவாகக் குறித்துள்ளார்.

காடர் பெண்கள் கூந்தலில் செருகும் இச்சீப்புகளைச் செய்பவர்கள் ஆண்கள். மணக்கவிருக்கும் பெண்ணுக்கு இளைஞன் தன் கையாலேயே சீப்புச் செய்து தருவான். யாருடைய சீப்பு அழகானது என்று இளைஞர்களுக்குள் போட்டியும் இருந்தது. பட்டையாக வெட்டிய மூங்கிலில் பற்களைச் செதுக்கி, மேற்பகுதியில் கோடுகளும் முக்கோணங்களும் கட்டங்களும் கீறி அழகுபடுத்தினர். மலாய்த் தீபகற்பத்துச் செமாங் மக்களின் மூங்கில் சீப்புகளோடு இவற்றைத் தர்ஸ்டன் ஒப்பிட்டுக் காட்டினார்.

சாயம் பூசாமல் கோடு கீறும் கலை என்றாலும் இது நம் பொருளுக்கு அப்பாற்பட்டதன்று. கையில் கிடைக்கும் மலிவான பொருள், ஒரு கத்தி, நேர்கோடுகளால் ஆன வடிவங்கள், நாள்தோறும் புழங்கும் சிறு பொருள் என்று செங்காவிக் கலத்தின் கூறுகள் பலவும் இதில் உள்ளன. ஒரு கூறு கூடுதலாகவும் உண்டு. செய்தவர் யார், யாருக்காகச் செய்தார் என்பது பயன்படுத்துபவருக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வண்ணம்

செங்காவிக் கலம் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்குப் பின் வழக்கொழிந்தது. இன்றைய பொங்கல் பானைக் கோடு அதிலிருந்து நேராக வந்தது என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் அதே சிவப்பும் வெள்ளையும் வேறொரு முறையில் கொங்கு வீடுகளில் நிலைபெற்றன. இம்முறையில் வண்ணம் சுடப்படுவதில்லை. பூசப்பட்டு, தேய்ந்து, மழையில் கரைந்து, அடுத்த ஆண்டு மீண்டும் பூசப்படுகிறது.

மார்கழிக் கடைசியில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். சுவரின் அடியிலும் திண்ணை விளிம்பிலும் காவிப் பட்டை தீட்டுவார்கள். பொங்கலுக்கு முன்நாள் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கூரையிலும் வாசலிலும் செருகிக் காப்புக் கட்டுவது கொங்கு வழக்கம். வாசலில் மாக்கோலமும் அதைச் சுற்றிச் செம்மண் கரையும் இடுவார்கள். புதுப்பானையின் கழுத்திலும் வயிற்றிலும் சுண்ணாம்பாலும் காவியாலும் கோடிட்டு, மஞ்சள் கொத்துக் கட்டி அடுப்பில் ஏற்றுவார்கள். மறுநாள் பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புகளைச் சீவி வண்ணமிடுவார்கள்.

உடுமலைப்பேட்டைக்கு அருகே சோமவாரப்பட்டியில் உள்ள ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலையொட்டித் திருவிழா நடக்கும். கால்நடைகள் நோயின்றி வாழ வேண்டிக்கொண்ட உழவர்கள், மண்ணால் செய்து வண்ணம் தீட்டிய மாட்டு உருவங்களை அங்கே காணிக்கையாக வைப்பர். இவ்வுருவங்களை உருவாரம் என்பர். வீட்டுத் தொழுவத்தில் மாட்டின் கொம்புக்கு இட்ட அதே வண்ணம், கோயிலில் மண்மாட்டுக்கும் இடப்படுகிறது.

பண்டிகைக்கு வெளியேயும் இவ்வழக்கம் உண்டு. திருமணப் பந்தலில் அரசாணிக்காலுக்கு அருகே வைக்கும் பானைகளுக்கு வெள்ளையும் சிவப்புமாகக் கோலமிடுவார்கள். கூடை, முறம் ஆகியவற்றின் இடுக்குகளை அடைக்கக் காகிதக் கூழோடு வெந்தயத்தை அரைத்து மெழுகுவார்கள். ஆயுத பூஜையன்று அரிவாள், ஏர், அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் கழுவப்பட்டுப் பொட்டும் கோடும் பெறும். ஓவியர் என்று தனியாக ஒருவர் இதற்குத் தேவைப்பட்டதில்லை. வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளுமே செய்தார்கள்.

பொருள்களின் இயல்பு

இவ்வழக்கம் பரவியதற்கு அதன் பொருள்கள் முதற்காரணம். ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்தால் பழைய செய்முறைகள் ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும்.

காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். சிவப்புக் காவியும் மஞ்சள் காவியும் இயற்கையில் உண்டு. மஞ்சள் காவியைச் சுட்டால் அதில் பிணைந்துள்ள நீர் வெளியேறிச் சிவப்பாக மாறும். வெயிலிலோ சூளையிலோ இந்தச் சிவப்பு மங்குவதில்லை.

சுண்ணாம்பு, கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு நீரில் தாளித்துப் பெறுவது. பூசிய பின் காற்றில் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாக இறுகும். அதனால்தான் பசை எதுவும் சேர்க்காமலே சுவரில் ஓரளவு பிடிக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்றது. அந்தக் கல்லை நம்பி 1934இல் அங்கே சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது.

மஞ்சள் அழகான நிறம் தந்தாலும் வெயிலில் விரைவில் வெளுக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி நீர் சிவப்பாவது இதனால்தான். காரப் பொருள் பட்டால் மஞ்சளின் நிறமி மாறுவதே காரணம். இந்தச் சிவப்பும் நிலைப்பதில்லை. எனவே ஒரு நாள் சடங்குக்கு ஏற்றது, ஆண்டு முழுதும் நிற்க வேண்டிய சுவருக்கு ஏற்றதன்று. அடுப்புக்கரியும் விளக்குக் கரியும் கருப்பைத் தந்தன.

இவற்றில் பெரும்பாலானவை ஊரிலேயே கிடைப்பவை. மற்றவையும் சந்தையில் சில காசுக்குக் கிடைத்தவை. எனவே வண்ணம் வசதியுள்ள வீட்டின் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. எல்லா வீட்டிலும் அதே காவிதான். வேறுபட்டது கோடிட்ட கை.

மாற்றம்

20ஆம் நூற்றாண்டில் மண்கலத்தின் இடத்தைப் பித்தளையும் அலுமினியமும் பின்னர் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் படிப்படியாகப் பிடித்தன. காவி நிற்காத பரப்புகள் இவை. மண்சுவர் சிமெண்ட் சுவரானது. வெள்ளையடிப்பு டிஸ்டெம்பராகவும் எமல்ஷனாகவும் மாறியது. மாட்டுக் கொம்புக்கு எனாமல் பெயிண்ட் வந்தது. எனாமல் பல மாதங்கள் நிற்கும்; ஆண்டுதோறும் அரைத்துக் கரைத்துப் பூசும் வேலை குறைந்தது. வேலை குறைந்ததோடு, எந்த மண்ணை எந்த அளவு நீர்க்க வேண்டும் என்ற கையறிவும் குறைந்தது.

இந்தியாவின் வேறு சில பகுதிகளில் இதே மாற்றம் வேறு வகையில் நடந்தது. பீகாரின் மிதிலையில் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்த ஓவியங்களை, 1934 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளிடையே வில்லியம் ஆர்ச்சர் என்ற அதிகாரி கண்டு பதிவுசெய்தார். 1960களின் பிற்பகுதியில் அங்கே கடும் வறட்சி வந்தபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் அப்பெண்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் செய்தது. மதுபனி ஓவியம் சந்தைக்கு வந்தது இவ்வாறே. மராட்டியத்தின் வார்லி ஓவியமும் 1970களில் சுவரிலிருந்து தாளுக்கு வந்தது. கொங்குக்கு அருகே நீலகிரியில் குறும்பர்கள் சிவப்பு மண், வெள்ளை மண், மரப்பட்டை, இலைச்சாறு ஆகியவற்றால் வரையும் ஓவியம் இன்று தாளிலும் துணியிலும் விற்பனைக்கு வருகிறது.

இவற்றுக்குப் பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததால் வாங்குவோரும் கற்போரும் கிடைத்தனர். கொங்கு வீட்டுப் பானையின் கோட்டுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. அது கலை என்று எண்ணப்படாமல் வீட்டு வேலையாகவே இருந்தது. அதனால் விலைபோகவும் இல்லை, பதிவாகவும் இல்லை. இன்று கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் வண்ணமிட்ட பானைகளிலும் புட்டிகளிலும் வார்லி மனிதர்கள் ஆடுவதைக் காணலாம். அந்தப் பானை வனைந்த ஊரின் பழைய கோடுகளை அவற்றில் காண்பது அரிது.

மாணவர்கள் செய்து பார்க்க

செங்காவிக் கலத்தின் வரிசை முறையை வீட்டிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். சூளை இல்லாததால் இது அலங்காரப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். சமைக்கவோ உண்ணவோ பயன்படும் கலத்தில் செய்யக்கூடாது.

பூச்சு எதுவும் இல்லாத மண்சட்டி ஒன்றை நீரில் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். கோலமாவுக் கடையில் கிடைக்கும் வெள்ளைக் கல்மாவையோ வெண்களிமண்ணையோ சிறிது பசையுடன் தயிர்ப் பதத்தில் கரைத்து, ஈர்க்குச்சியால் இணைகோடுகளும் அலைக்கோடுகளும் வரைய வேண்டும். ஒரு நாள் உலரவிட வேண்டும். பிறகு காவிப் பொடியைச் சல்லடையில் சலித்து, பசை கலந்து மோர்ப் பதத்தில் நீர்த்து, மெல்லிய துணியால் ஒரே திசையில் ஒரு முறை மட்டும் ஒற்றிப் பூச வேண்டும். தேய்த்தால் கோடு கலைந்துவிடும். கெட்டியாகப் பூசினால் கோடு மறைந்துவிடும். சரியான பதத்தில் கோடு மங்கிய மஞ்சளாக மேலே தெரியும். ஓரிரு சட்டிகள் வீணான பிறகே பதம் கைவரும். பழங்காலக் குயவர் இதைச் சூளைத் தீயிலும் சிதையாதபடி செய்தார் என்பதை அப்போது உணரலாம். சுண்ணாம்பைப் பயன்படுத்துவோர் கண்ணிலும் புண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

நிறைவாக

கொங்கு நாட்டில் வீட்டுப் பொருளின் வண்ணம் இரண்டு வழிகளில் நம்மை எட்டியிருக்கிறது. ஒன்று சூளையில் வெந்து ஓட்டில் நின்றது. அதைச் செய்தவர்கள் மறைந்து 2000 ஆண்டுகள் ஆன பின்னும் மண்ணைத் தோண்டினால் கிடைக்கிறது. மற்றொன்று சுடப்படாமல், ஆண்டுதோறும் அழிந்து ஆண்டுதோறும் மீண்டும் இடப்பட்டு வருகிறது. காப்புக்கட்டு நாளில் ஒரு பாட்டி பானைக்கு இடும் கோடு அடுத்த மழைக்குள் போய்விடும். அந்தக் கோட்டை இடுபவர்கள் நிறுத்திவிட்டால், பிற்காலத் தொல்லியலாளர் தோண்டி எடுக்க அதில் எதுவும் எஞ்சாது.

எனவே இப்பகுதி மாணவர்கள் செய்யக்கூடிய பயனுள்ள ஆய்வு ஒன்று உண்டு. தம் ஊரில் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் பானையில் இடும் கோடுகளைப் படமெடுத்து, அவற்றுக்கு வீட்டார் வழங்கும் பெயர்களையும், காவியும் சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தன என்பதையும், இட்டவர் யாரிடம் கற்றார் என்பதையும் குறித்து வைக்கலாம். பொள்ளாச்சியில் 1800இல் கிடைத்த காசுகளுக்கு விளக்கம் எழுதப் பலர் இருந்தார்கள். அந்தப் பானைக்கு ஒருவரும் இல்லை. இன்று வீட்டில் இருக்கும் பானைக்கு அந்த நிலை வராமல் செய்ய ஒரு குறிப்பேடு போதும்.